பிள்ளைக்குத் தலைவலி: மூளை ஸ்கேன் எப்போது உடனே எடுக்க வேண்டும்?

பாளையங்கோட்டையில் குழந்தை மருத்துவம் பார்க்கிற எனக்கு, மாலை நேரப் புறநோயாளிகளில் தலைவலிப் பிள்ளை இல்லாத நாளே இல்லை. அந்தப் பிள்ளைகளோடு வரும் பெற்றோரின் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. தனித்தனியாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"சின்னப் பிள்ளைக்கெல்லாம் தலைவலி வருமா டாக்டர்? எனக்கே முப்பது வயசுக்கு மேலதான் வந்துது."

வரும். பள்ளிக்குப் போகிற வயதில் தலைவலியே அறியாத பிள்ளை அரிது. சளி, காய்ச்சல், தூக்கக் குறைவு, ஒரு வாய் இட்லிகூட உள்ளே போகாமல் ஏழரை மணிப் பள்ளி வேனில் ஏறுவது, சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மட்டை பிடித்து விளையாடுவது என்று பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கண்முன்னே இருக்கும்.

திரும்பத் திரும்ப வருகிற தலைவலிகளில் முதலிடம் ஒற்றைத் தலைவலிக்குத்தான். பெயர் ஒற்றை என்றாலும் பிள்ளைகளுக்கு நெற்றியின் இரண்டு பக்கமும் வலிக்கலாம். பெரியவர்களைப் போல நாள் முழுக்க நீடிக்க வேண்டியதும் இல்லை. இரண்டு மணி நேரத்தில்கூட முடிந்துவிடும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் பிள்ளை இருட்டறையில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஒரு முறை வாந்தி எடுக்கும், தூங்கி எழுந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல விளையாடப் போய்விடும். தாய்க்கோ ஆச்சிக்கோ இதே வலி இருந்திருக்கும். மூளைக் கட்டியால் வருகிற தலைவலி இவற்றோடு ஒப்பிட்டால் மிக மிகக் குறைவு.

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டா எல்லாருக்கும் நிம்மதிதானே? ஏன் வேண்டாங்கிய?"

ஸ்கேன் எடுப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையின் கதையும் உடல் பரிசோதனையும் தீர்மானிக்க வேண்டும். வலியின் அளவோ நம்முடைய பயமோ அல்ல. அவ்வப்போது வந்து போகிற தலைவலி உள்ள பிள்ளைக்கு நரம்புப் பரிசோதனை சரியாக இருந்தால் வழக்கமாக ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 2002-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. இன்றும் நடைமுறை அதுதான்.

பரிசோதனை என்றால் ஸ்டெதாஸ்கோப் வைப்பதோடு முடிந்துவிடுவதில்லை. என் அறையில் தரை ஓடுகள் சேருகிற கோடு ஒன்று மேசையிலிருந்து வாசல்வரை நேராகப் போகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலின் குதிகாலை அடுத்த காலின் விரல்நுனியில் ஒட்டவைத்து, அந்தக் கோட்டின் மேலேயே நடந்து வரச் சொல்லுவேன். பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வருவார்கள். சிரித்துக்கொண்டே வருகிற ஒருவன் மூன்றாவது அடியில் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் எனக்குச் சிரிப்பு வராது. அதன் பிறகு விரலால் மூக்கைத் தொடச் சொல்லி, கண் அசைவைப் பார்த்து, ரத்த அழுத்தம் எடுத்து, சிறிய பிள்ளையானால் தலையின் சுற்றளவையும் நாடாவால் அளந்து, கண்ணின் உள்பக்கத்தை ஆப்தால்மாஸ்கோப்பால் பார்க்க வேண்டும். கண் நரம்பின் முனை வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். இவ்வளவுக்கும் பதினைந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் ஸ்கேன் எழுதித் தருவது எளிது. எளிது என்பதாலேயே அது பரவலாகவும் நடக்கிறது.

"அப்போ எந்தத் தலைவலிக்கு ராத்திரியோட ராத்திரியா ஓடி வரணும்?"

இடி விழுந்ததுபோல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடுகிற, அதுவரை கண்டிராத வலி. தலைவலியோடு பிள்ளை குழம்பிப் பேசுவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் மறுபடி சரிவது. வலிப்பு. ஒரு கையோ காலோ தொய்வது, பேச்சு குழறுவது, புதிதாக மாறுகண் விழுவது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது. காய்ச்சலோடு கழுத்து விறைத்து, மோவாயை நெஞ்சில் தொடவைக்க முடியாமல் போவது. வாந்தி நிற்காமல் வலியும் மணிக்கு மணி ஏறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தலைக்குள் நீர் கோத்ததற்காக முன்பே குழாய் வைக்கப்பட்ட பிள்ளைக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தால், குழாய் அடைத்துக்கொண்டது என்றே முதலில் எண்ண வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் நான் "பார்ப்போம்" என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

வந்த எல்லாரும் நேரே ஸ்கேன் அறைக்குப் போவார்கள் என்று நினைக்க வேண்டாம். மூச்சு, நாடி, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைத்தான் முதலில் பார்ப்போம். சிரங்கு வந்து ஆறிய சில வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போய், கூடவே மண்டையிடியும் வந்தால் கோளாறு சிறுநீரகத்தில் தொடங்கியிருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறியதால் வலிக்கிறது. பிள்ளைக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற பழக்கம் நம்மிடம் குறைவு என்பதால் இது எளிதில் தவறிப்போகிறது.

"காலையில எந்திரிச்ச உடனே தலை வலிக்குங்கான், ஒரு வாந்தி எடுக்கான், அப்புறம் நல்லா இருக்கான். பித்தம்தானே?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஆறு வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். மூன்று வாரமாகக் காலையில் பல் தேய்க்கும்போது வாந்தி. பிறகு இரண்டு தோசை தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போய்விடுவான். அதற்கு முன் பார்த்த இடங்களில் பித்தத்துக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் மருந்து கொடுத்திருந்தார்கள். பையனுக்கு வயிற்றுவலியோ வயிற்றுப்போக்கோ இருந்ததில்லை. அவனுடைய அம்மா பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார்: "இப்பல்லாம் மச்சுப்படி இறங்கும்போது செவுத்தப் பிடிச்சிக்கிடுதான் டாக்டர்." தரைக்கோட்டில் நடக்கவிட்டேன், நாலாவது அடியில் இடப்பக்கம் சாய்ந்தான். கண்ணின் உள்ளே பார்த்தபோது நரம்பு முனை வீங்கியிருந்தது. அன்றைக்கே எடுத்த ஸ்கேனில் சிறுமூளையில் கட்டி இருந்தது.

படுத்துத் தூங்கும்போது மண்டைக்குள் அழுத்தம் இயல்பாகவே சற்றுக் கூடும். பிள்ளைகளுக்கு வருகிற மூளைக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி பின்மண்டையின் அடியில், மூளை நீர் வெளியேறுகிற வழியை ஒட்டி வளர்கின்றன. வழி அடைபட்டு ஏற்கெனவே ஏறிநிற்கிற அழுத்தம் விடியற்காலையில் எல்லையைத் தாண்டும். எழுந்து நின்று நடமாடியதும் கொஞ்சம் தணியும். ஆகவே அந்த "அப்புறம் நல்லா இருக்கான்" என்பதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டு வாரமாக வாந்தி, நான்கு வாரமாகத் தலைவலி, நாளுக்கு நாள் அதிகமாகிற வலி, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, இருமினாலோ முக்கினாலோ கூடுகிற வலி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பது, கையெழுத்து கெட்டுப்போவது, சுறுசுறுப்பாக இருந்த பிள்ளை மந்தமாவது, உயரம் ஏறாமல் நின்றுவிடுவது: இவையெல்லாம் ஒரே குடும்பத்து அடையாளங்கள். பிரிட்டனில் 2011-இல் தொடங்கிய ஹெட்ஸ்மார்ட் இயக்கம் இத்தகைய அறிகுறிகளைப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் அட்டையாகவே அச்சிட்டுக் கொடுத்தது. நடை தடுமாற்றமோ கண் நரம்பு வீக்கமோ சேர்ந்திருந்தால் அன்றே ஸ்கேன். பரிசோதனை சரியாக இருந்து கதை மட்டும் சந்தேகமாக இருந்தால், தள்ளிப்போடாமல் சில நாட்களுக்குள் எம்ஆர்ஐ.

"வலி தாங்காம தலையில அடிச்சிக்கிட்டு அழுதா. அதுக்குமா ஸ்கேன் வேண்டாம்?"

வலியின் கடுமை நம்மை ஏமாற்றும். ஒற்றைத் தலைவலி பிள்ளையைப் புரட்டி எடுக்கும், ஆனாலும் ஆபத்தில்லாதது. முந்தைய பதிலில் சொன்ன பையன் ஒரு நாளும் அழுததில்லை. நான் கேட்பது, இதே மாதிரி வலி முன்பு வந்து முழுதாகத் தீர்ந்து, இடைப்பட்ட நாட்களில் பிள்ளை இயல்பாக இருந்ததா என்பது. ஆறு மாதமாக அதே சாயலில் வந்துபோகிற வலி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் என்னைக் கவலைப்படுத்துவதில்லை. இரண்டு வாரமாகக் கூடிக்கொண்டே போகிற மிதமான வலி கவலைப்படுத்தும். இதற்கு ஒரே விலக்கு, மேலே சொன்ன இடிபோன்ற திடீர் வலி; அது ரத்தக் கசிவாக இருக்கலாம்.

"மூணு வயசுப் பிள்ளைக்கு வலிக்குன்னு சொல்லத் தெரியாதே. நாங்க எப்பிடிக் கண்டுபிடிக்க?"

சொல்லத் தெரியாத வயது என்பதாலேயே அங்கே எங்கள் எச்சரிக்கை கூடுதல். பிள்ளை தலையைப் பிடித்துக்கொள்ளும், காரணமில்லாமல் சிணுங்கும், மடியை விட்டு இறங்காது, நன்றாக நடந்த பிள்ளை மறுபடி தூக்கச் சொல்லும். உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்கு, அழாமல் நிமிர்த்தி வைத்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்து நின்றால் அன்றே காட்ட வேண்டும். அந்தக் குழிவழியாக அல்ட்ராசவுண்டிலேயே மூளையைப் பார்த்துவிடலாம். கதிர்வீச்சும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. ஆனால் அடிபட்ட குழந்தைக்கு அது போதாது.

"கட்டில்ல இருந்து விழுந்துட்டான், மண்டை புடைச்சிருக்கு. உடனே சிடி எடுக்கணுமா?"

பெரும்பாலும் வேண்டாம். இதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து செய்த பெக்கார்ன் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. நினைவு தெளிவாக இருந்து, மயக்கம் போடாமல், வாந்தி எடுக்காமல், கடுமையான தலைவலி இல்லாமல், மண்டை அடிப்பகுதி உடைந்ததற்கான அடையாளம் இல்லாமல், விழுந்த உயரமும் ஐந்து அடிக்குள் இருந்தால், இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மூளையில் பெரிய காயம் இருக்க வாய்ப்பு இரண்டாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அது காட்டியது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு உயரக் கணக்கு மூன்று அடி; நெற்றியைத் தவிர மற்ற இடத்தில் மெத்தென்ற புடைப்பு இருப்பதும் அங்கே கணக்கில் வரும்.

ஒரே ஒரு வாந்தி, லேசான தலைவலி என்று நடுவில் நிற்கிற பிள்ளைகளை அடிபட்டதிலிருந்து நான்கு முதல் ஆறு மணி நேரம் மருத்துவமனையிலேயே வைத்துக் கவனிப்பது, உடனே சிடி எடுப்பதற்குச் சமமான வழிதான். பைக்கில் முன்பக்கம் உட்காரவைத்து வந்து மோதியது, மாடியிலிருந்தோ தென்னை மரத்திலிருந்தோ விழுந்தது, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் வடிவது, காதுக்குப் பின்னும் கண்ணைச் சுற்றியும் கன்றிப்போவது, நினைவு மங்குவது ஆகியவற்றுக்கு எந்தக் காத்திருப்பும் இல்லை.

"காய்ச்சலோட மண்டையிடி. மூளைக்காய்ச்சலா இருந்தா ஸ்கேன்ல தெரிஞ்சிரும்லா?"

தெரியாது என்பதே பாதுகாப்பான பதில். மூளை உறைக் காய்ச்சலின் தொடக்கத்தில் சிடி நார்மலாகவே வரலாம். அதை உறுதிசெய்வது முதுகில் ஊசிபோட்டு எடுக்கிற நீர். நினைவு மங்கியிருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ ஒரு கை கால் தொய்ந்திருந்தாலோ நீர் எடுப்பதற்கு முன் ஸ்கேன் எடுப்பார்கள். ஆனால் ஸ்கேனுக்காக ஆன்டிபயாட்டிக்கைத் தாமதப்படுத்த மாட்டார்கள், தாமதப்படுத்தவும் கூடாது.

நம் பக்கத்தில் காய்ச்சல் தலைவலிக்கு வேறு காரணங்களும் உண்டு. 2012-இல் இந்த மாவட்டம் டெங்குவால் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். கண்ணுக்குப் பின்னால் வலிப்பது அதன் அடையாளம். டெங்குவோ என்ற ஐயம் இருக்கும்போது பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்க வேண்டாம். மலையடிவார ஊர்களிலும் வயற்காடுகளிலும் உண்ணிக் காய்ச்சல் இருக்கிறது. அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் என்று மறைவிடங்களில் பீடியால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பிள்ளையின் உடம்பை முழுக்கப் பாருங்கள். அது கிடைத்தால் எந்த ஸ்கேனையும்விட அதிகம் சொல்லும். குளத்திலோ தேங்கிய நீரிலோ மூழ்கிக் குளித்த பன்னிரண்டு நாட்களுக்குள் கடுமையான தலைவலியும் காய்ச்சலும் வந்தால், குளித்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். 2024-இல் கேரளத்தில் பிள்ளைகளைப் பலிகொண்ட அமீபா மூக்குவழியாகத்தான் ஏறியது.

ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கிற லேசான காய்ச்சல், தலைவலி, மெலிவு, எரிச்சல், வீட்டில் யாருக்காவது காசநோய் என்று கதை போனால் அது காசநோய் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அங்கே ஸ்கேனும் வேண்டும், முதுகு நீரும் வேண்டும், அன்றைக்கே வேண்டும்.

"இவனுக்கு எதயக் கோளாறு உண்டு. காதுலயும் சீ வடியும். அதுக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம்?"

நிறைய. பிறவியிலேயே உடம்பு நீலம்பாரிக்கிற இதயக் கோளாறு உள்ள பிள்ளைக்கு, நுரையீரலில் வடிகட்டப்படாத ரத்தம் நேரே மூளைக்குப் போய்விடுவதால் கிருமிகள் அங்கே தங்கிச் சீழ்க்கட்டியாக மாறலாம். நாள்பட்டுச் சீழ் வடிகிற காதிலிருந்தும், கவனிக்காமல் விட்ட சைனஸ் தொற்றிலிருந்தும் சீழ் உள்ளே பரவலாம்; அருகிலுள்ள சிரை ரத்தக்குழாய் உறைந்தும் போகலாம். இத்தகைய பிள்ளைகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கிற மருந்து எடுப்பவர்கள், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிதாகத் தலைவலி வந்தால், மற்றவர்களுக்குப் பொருந்துகிற பொறுமை பொருந்தாது. பழைய சீட்டுகளை மஞ்சப்பையில் போட்டுக் கையோடு கொண்டு வாருங்கள்.

"சிடி நல்லதா, எம்ஆர்ஐ நல்லதா? ஒருத்தர் இதுங்கார், ஒருத்தர் அதுங்கார்."

அவசரத்துக்கு சிடி. சில விநாடிகளில் முடிந்துவிடும். ரத்தக் கசிவு, எலும்பு முறிவு, நீர்க்கோப்பு, பெரிய கட்டி ஆகியவை தெரிந்துவிடும். ஆனால் பின்மண்டை எலும்பு தடிமனாக இருப்பதால் சிறுமூளையை ஒட்டிய சிறியவை அதில் மறையக்கூடும். எம்ஆர்ஐ தெளிவானது, கதிர்வீச்சு இல்லாதது. ஆனால் அரை மணி நேரமாவது அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் சிறு பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். அதற்குச் சோறு ஆறு மணி நேரமும், தாய்ப்பால் நான்கு மணி நேரமும், தண்ணீர் இரண்டு மணி நேரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். "அழுதான், ஒரு பிஸ்கட்தான் கொடுத்தேன்" என்பதை மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

"சிடி எடுத்தா பின்னால கேன்சர் வருமாமே?"

தலைக்கு ஒரு சிடி எடுத்தால் சுமார் 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடலில் படும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதர் ஓராண்டில் பெறுகிற இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரியே 2.4 மில்லிசீவர்ட். (மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால் அங்கே இது இன்னும் அதிகம்.) 2012-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வின் மதிப்பீடு இது: பத்து வயதுக்குட்பட்ட பத்தாயிரம் பிள்ளைகளுக்குத் தலா ஒரு தலை சிடி எடுத்தால், அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம். தேவைப்படுகிற இடத்தில் இந்தக் கணக்கைக் காட்டி மறுப்பது தவறு. தேவையில்லாத இடத்தில், அதுவும் இரண்டு மூன்று முறை எடுப்பதற்கு இதுவே போதுமான தடை.

"ஸ்கேன் நார்மல்னு வந்துட்டு. ஆனா இன்னும் வலிக்குங்கா. பொய் சொல்லுதாளா?"

இல்லை. ஒற்றைத் தலைவலி எந்தப் படத்திலும் தெரியாது. நார்மல் ஸ்கேன் சொல்வது கட்டியோ கசிவோ இல்லை என்பதை மட்டும். ஒரு கோடு போட்ட நோட்டில் வலி வந்த நாள், நேரம், தூங்கியது, சாப்பிட்டது, கொடுத்த மாத்திரை ஆகியவற்றை ஒரு மாதம் எழுதி வாருங்கள். மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்பதை அந்த நோட்டுதான் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் ஸ்கேனுக்குப் பிறகு கதை மாறினால், உதாரணமாகக் காலை வாந்தி புதிதாகச் சேர்ந்தால், பழைய படம் செல்லாது. மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

"கண்ணுல பவர் இருக்கும், கண்ணாடி போட்டா சரியாயிரும்னு சொல்லுதாவ."

பார்வைக் குறைவால் தலைவலி வருவது நினைப்பதைவிடக் குறைவு. ஆனாலும் கண் மருத்துவரிடம் போவது நல்லது. காரணம் கண்ணாடி அல்ல. கண்ணில் சொட்டு மருந்து விட்டு நரம்பு முனையைப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். இரண்டாவது பதிலில் சொன்ன அந்த வீக்கத்தை எங்களைவிட அவர்கள் தெளிவாகப் பார்ப்பார்கள்.

"நாங்க சுத்த சைவம். ஸ்கேன்ல மூளையில புழுக்கட்டின்னு எழுதியிருக்கு. எப்பிடி?"

சரியாக வேகாத பன்றி இறைச்சி தின்றவர் குடலில் நாடாப்புழு வளரலாம். அவருடைய மலத்தில் வெளியேறுகிற முட்டைதான் மற்றவர் மூளைக்குப் போகிறது. கழுவாத கொத்தமல்லியும் கழுவாத கையும் போதும். சைவம், அசைவம் பார்க்காது. வலிப்போடு தலைவலி வந்த பிள்ளைக்கு நம் நாட்டில் ஸ்கேன் எடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காசநோய்க் கட்டியும் படத்தில் ஏறக்குறைய இப்படியே தெரியும் என்பதால், ஒரு படத்தை வைத்துக்கொண்டு மருந்து தொடங்கிவிட முடியாது.

அதே அறிக்கையில் "சைனஸ் சவ்வு தடிப்பு" என்றோ "சிறிய நீர்ப்பை" என்றோ எழுதியிருந்தால் பதற வேண்டாம். சளி பிடித்த பிள்ளைகள் பலருக்கு முதலாவது இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் பிறவியிலேயே இருந்து ஒன்றும் செய்யாமல் கிடப்பது.

"எங்க ஊர்ல இருந்து டவுனுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நேரா ஸ்கேன் சென்டருக்கே போயிரலாமா?"

போகாதீர்கள். மூன்றாவது பதிலில் சொன்ன அடையாளங்கள் இருந்தால், வழியிலோ ஸ்கேன் மேசையிலோ பிள்ளைக்கு வலிப்பு வந்தால் பார்க்க மருத்துவர் வேண்டும். 108-ஐ அழைத்து அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு வாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மயங்கியிருக்கும்போது வாயில் காப்பியோ சோடாவோ ஊற்ற வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத் தேடிக்கொண்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். அதைப் பின்னால் ஒருவர் எடுத்து வரலாம்.

"ஒரு டாக்டர் எடுக்கணும்ங்கார், இன்னொருத்தர் வேண்டாங்கார். நாங்க யாரு பேச்சக் கேக்க?"

இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "என்ன நோய் இருக்கும் என்று தேடுகிறீர்கள், எந்த அடையாளத்தைப் பார்த்து?" எடுக்கச் சொல்கிறவர் "நடையில் தடுமாற்றம் இருக்கிறது" என்றால் எடுங்கள். வேண்டாம் என்கிறவர் பிள்ளையை நடக்கவிட்டும் கண்ணுக்குள் பார்த்தும் ரத்த அழுத்தம் எடுத்தும் சொன்னால் நம்புங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே சொன்னால், நடக்கவிட்டுப் பாருங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். "எதற்கும் ஒன்று எடுத்து வைப்போம்" என்பது மட்டும் இருவர் வாயிலிருந்து வந்தாலும் பதில் ஆகாது.